நசுங்கிய டம்ளரின் கொள்ளளவு

ஜனவரி 8

ஓய்வு பெற்ற அறுபத்தொன்பதாவது நாள். இந்த டைரி ஒரு தராசுக் கம்பெனி கொடுத்தது. அடுத்த வருஷம் கொடுக்க மாட்டார்கள்.

முப்பத்தொரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்து, தூத்துக்குடியைச் சுற்றியுள்ள கடைகளின் தராசு, எடைக்கல், லிட்டர் எல்லாவற்றையும் சோதித்தவன் நான். இன்றுதான் என் சொந்த வீட்டு அடுக்களைக்குள் சோதனைக்குப் போனேன். என் மனைவி அமலோற்பவம் நவநாள் ஜெபத்துக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். இருபத்தாறு வருஷமாக இவள் வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறாள். ஊரில் ‘அமலி கேக்’ என்றால் தெரியாதவர் இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒழுங்கான அளவை ஒன்றுகூட இல்லை. அடக் கொடுமையே! என் வீட்டிலா?

பழைய பாத்திரக்காரர் தெருவில் வந்தார். கழித்தவை: மூடியில்லாத டப்பா ஏழு, கைப்பிடி போன வாணலி ஒன்று, ஓட்டை இட்லித் தட்டு இரண்டு, நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று. பதிலுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்று கொடுத்தார். பஜாருக்குப் போய் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசும், எவர்சில்வர் அளவுக் கப்புகளும் வாங்கி வந்து மேடையில் வரிசையாக அடுக்கினேன்.

அமலி வந்து பார்த்து, “நல்லாருக்கு” என்றாள். வாளியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மனத்துக்குத் திருப்தியாக இருந்தது.

ஜனவரி 9

அமலி காலையிலிருந்து எதையோ தேடுகிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10

அமலி ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டாள். பரணில் எதையோ எடுக்க ஏறியிருக்கிறாள். வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நாகர்கோவிலிலிருந்து அவள் தங்கை விக்டோரியா மாலையே காரில் வந்து இறங்கினாள். “அத்தான், நீங்க ஒரு வெந்நி வைக்கத் தெரியாதவரு. அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அமலியும் மறுக்கவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லியிருக்கலாமோ என்னவோ.

கார் கிளம்பும்போது அமலி கண்ணாடியை இறக்கி, “டெய்சி டீச்சர் வீட்டுல போய்ச் சொல்லிருங்க. பிப்ரவரி அஞ்சு கல்யாணத்துக்கு இருவது கிலோ சொல்லியிருக்காங்க. வேற எடத்துல பாத்துக்கிடச் சொல்லுங்க” என்றாள். கை வலியைவிட இதைச் சொல்லத்தான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

ஜனவரி 12

டெய்சி டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி! மாப்பிள வீட்டுல கேக்கு எங்கேருந்துன்னு கேட்டாவ. அமலி கேக்குன்னதும் வாய மூடிக்கிட்டாவ” என்று சிரித்தார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணின் முதல் பிறந்தநாளுக்கே அமலிதான் கேக் போட்டாளாம்.

காப்பி குடித்துவிட்டு, “ஆகட்டும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேக் என்பது என்ன? எடை, அளவு, சூடு, நேரம். நாலும் எனக்குத் தெரிந்த சமாசாரம். இருபது கிலோவையும் செய்து கொடுத்துவிட்டால் அவள் பேரும் கெடாது, அவளும்… சரி, அவள் பேர் கெடாது. செய்ய முடியாமல் போனால் கெடுவதும் என் பேர் இல்லை, அவள் பேர்தான். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அவளுடைய செய்முறை நோட்டைத் தேடி எடுத்தேன். வெண்ணெய் அரைக் கிலோ. முட்டை 12. சீனி அரைக் கிலோவும் ஒரு கைப்பிடியும். மைதா 4 டம்ளர். ஒரு கலவைக்கு இரண்டு கிலோ கேக் வரும். அப்படியானால் பத்துக் கலவை.

எந்த டம்ளர் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

ஜனவரி 13

போனில் தேடிப் பார்த்தேன். ஒரு கப் மைதா எத்தனை கிராம்? ஓர் இடத்தில் 120. இன்னோர் இடத்தில் 125. மூன்றாவது இடத்தில் ஒரு அம்மாள் 140 என்று அடித்துச் சொல்கிறார். கப் என்பதே 240 மில்லியா 250 மில்லியா என்பதில் உலகத்துக்கு ஒற்றுமை இல்லை. ஒரு நாட்டில் 200 மில்லியாம்! இந்தக் கப்புக்கு முத்திரை குத்தியது எவன்? எங்கள் சரகத்தில் இப்படி ஒரு அளவையை வைத்துக்கொண்டு ஒரு மண்ணெண்ணெய்க் கடை நடத்தியிருக்க முடியுமா?

நடுவில் நின்று 125 என்று வைத்தேன். நாலுக்கு ஐந்நூறு கிராம்.

ஜனவரி 14

முதல் கலவை. சரியாக 500 கிராம் மைதா. ஓவனுக்குள் நன்றாகத்தான் எழும்பி வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே எடுத்ததும் நடுவில் மெதுவாக அமுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கியது.

ஜனவரி 15

பொங்கல். அலுவலகத்தில் எனக்கு உதவியாளராக இருந்த நமச்சிவாயம் பொங்கல் கொண்டுவந்தார். நான் அமுங்கிய கேக்கைக் கொடுத்தேன். வெட்டிப் பார்த்தார். நடுவில் களி மாதிரி இருந்தது.

“சார், இதுக்கு மாவு பத்தாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க.”

“உம்ம வீட்ல கேக் போடுவாங்களா?”

“இல்ல சார். ஆனா சொல்லுவாங்க.”

ஜனவரி 17

கிராமே வேண்டாம், அளவையாலேயே அளப்போம் என்று புதுக் கப்பை எடுத்தேன். 250 மில்லி. மாவு டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, மேலே தலை தட்டி நாலு கப் போட்டேன். அரிசிக் கடையில் அளந்து பார்க்கும்போது இப்படித்தான் செய்வோம். குலுக்கித் தட்டினால்தான் கடைக்காரனின் கைவித்தை வெளியே வரும்.

கேக் மேலே வெடித்து, கல்லாக வந்தது. நமச்சிவாயம் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். “ஒரு கிலோ கல்லு காணாமப் போனா இத வச்சுச் சமாளிச்சிரலாம் சார்” என்றார். ஓய்வு பெற்ற மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது! இருந்தாலும் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

ஜனவரி 18

இன்று கேக் போடவில்லை. வேறொன்று செய்தேன்.

ஒரே கப். ஒரே மாவு. பத்துத் தடவை நிரப்பித் தராசில் வைத்தேன். அமுக்கி அள்ளித் தட்டினால் 165. அமுக்காமல் அள்ளினால் 150. கரண்டியால் மெதுவாகப் போட்டால் 134. சலித்துவிட்டுப் போட்டால் 128. சலித்து, கை நடுங்காமல் தூவினால் 125. கப் மாறவில்லை, கை மாறியது, அவ்வளவுதான். நாற்பது கிராம் வித்தியாசம்!

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி இப்படி ஆட்டம் காட்டாது. எண்ணெய் காட்டவே காட்டாது. மைதாவை நான் சர்வீஸில் ஒரு தடவைகூட அளவையால் அளந்து பார்த்ததில்லை, ஏனென்றால் கடையில் அதை எடைபோட்டுத்தான் விற்பார்கள். மாவுக்குள் இருப்பது பாதி காற்று. சலித்தால் காற்று ஏறுகிறது, தட்டினால் இறங்குகிறது. இவள் இருபத்தாறு வருஷமாகத் தினமும் காற்றை அளந்திருக்கிறாள், ஒரு தடவையும் தப்பாமல். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அமலி சலிப்பாளா மாட்டாளா? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 19

போன் செய்தேன். விக்டோரியா எடுத்து, “அக்கா தூங்குறா அத்தான்” என்றாள். காலை பத்து மணிக்கா? மறுபடி மத்தியானம் செய்தேன். அமலி வந்தாள்.

“கை எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“மாவ சலிச்சுத்தான் போடுவியா?”

“ரெண்டு தரம் சலிப்பேன். எதுக்குக் கேக்கீங்க?”

“சும்மாதான்.”

“டீச்சர்ட்ட சொல்லிட்டீங்களா?”

“போயிட்டு வந்துட்டேன்” என்றேன். போய்விட்டு வந்தது உண்மைதானே.

ஜனவரி 20

இரண்டு தரம் சலித்து, தூவி, நாலு கப். மறுபடி அமுங்கிவிட்டது.

இன்னும் பதினாறு நாள். சலித்தால் குழிகிறது, அமுக்கினால் கல்லாகிறது. அப்படியானால் அந்த டம்ளர் இந்தக் கப்பைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிது? கண்ணை மூடிப் பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு நசுங்கல். விளிம்பில் ஒரு கீறல். இருபத்தாறு வருஷம் தினமும் என் கண்ணெதிரே இருந்த பாத்திரம். ஒரு நாள் தண்ணீர் ஊற்றி அளந்திருந்தால்? ஊரில் உள்ள டம்ளரையெல்லாம் அளந்தேன்.

ஜனவரி 22

பழைய பாத்திரக்காரரைத் தேடி மூன்றாம் மைல் பக்கம் போனேன். நல்ல மனிதர், ஞாபகம் வைத்திருந்தார். “வாளி ஒழுகுதா சார்?” என்று கேட்டார். அலுமினியத்தை அன்றைக்கே நசுக்கிக் கட்டி லாரியில் ஏற்றியாயிற்றாம். இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்றார்.

இங்கே ஒன்று எழுத வேண்டும். இது என் டைரி, யாரும் படிக்கப்போவதில்லை, எழுதலாம். ஒன்பதாம் தேதி அமலி தேடியது அந்த டம்ளரைத்தான். எனக்கு அப்போதே தெரியும். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பத்தாம் தேதி பரணில் ஏறியதும் அதற்காகத்தான். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. ‘அது இல்லை, இறங்கு’ என்று சொல்ல இரண்டு நிமிஷம் இருந்தது.

நீல வாளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பின்பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 24

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அளவை தொலைந்தால் என்ன? சரக்கு எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்தால் அளவையைக் கண்டுபிடித்துவிடலாமே! சரக்கு இருப்பை வைத்து எத்தனை கடையைப் பிடித்திருக்கிறேன்.

அமலி மைதாவை இருபத்தைந்து கிலோ மூட்டையாக வாங்குவாள். ஒவ்வொரு கலவைக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுவாள். புது மூட்டை பிரித்த நாளில் ஒரு சிலுவை. எதற்கு இப்படிக் கிறுக்குகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. பழைய காலண்டர்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டு, சிலுவைக்கும் சிலுவைக்கும் நடுவில் உள்ள கோடுகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. அடுத்தது நாற்பத்து மூன்று. அதற்கடுத்தது நாற்பத்திரண்டு. பிறகு நாற்பத்து மூன்று.

அடேயப்பா! இந்த ஒழுங்கு என் அலுவலகத்து மேஜைத் தராசிலேயே கிடையாது.

இருபத்தைந்தாயிரத்தை நாற்பத்து மூன்றால் வகுத்தால் 581. தட்டில் தூவும் மாவைக் கழித்தால் 575. ஒரு கலவைக்கு 575 கிராம்.

உடனே போட்டேன். அமுங்கவில்லை. வெடிக்கவில்லை. ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தேன். அமலி கேக். நின்றபடியே கால் கிலோ தின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சூடாகத் தின்றதால் இருக்கும்.

ஜனவரி 25

நமச்சிவாயம் சாப்பிட்டுவிட்டு, “அம்மா வந்துட்டாங்களா சார்?” என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஜனவரி 26

இத்தோடு விட்டிருக்கலாம். 575 கிராம் கையில் இருக்கிறது. பத்துக் கலவை போட்டால் வேலை முடிந்தது. ஆனால் மனம் கேட்கவில்லை. அந்த டம்ளரின் கொள்ளளவு என்ன?

அமலி பாலைக் காய்ச்சுமுன் அந்த டம்ளரால்தான் பிரிப்பாள். அரை லிட்டர் பாக்கெட்டில் இரண்டு டம்ளர் பாத்திரத்துக்குப் போகும், மிச்சம் என் இரண்டாவது காப்பிக்கு. அந்த மிச்சம் மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும், அரை டபராகூட வராது என்று தினமும் குறைப்பட்டிருக்கிறேன். அதே டபராவில் அதே கோடு வரை தண்ணீர் ஊற்றி அளந்தேன். நாற்பது மில்லி. அப்படியானால் டம்ளர் 230 மில்லி. கப்பைவிடப் பெரிது இல்லை, சிறிது!

230 மில்லி டம்ளரில் இரண்டு தரம் சலித்த மாவு 115 கிராம்தான் பிடிக்கும். நாலு டம்ளர் 460. ஆனால் செலவானது 575. வித்தியாசம் 115. சரியாக ஒரு டம்ளர். மூன்று தடவை கூட்டிக் கழித்தேன். ஒவ்வொரு கலவையிலும், இருபத்தாறு வருஷமாக, கணக்கில் இல்லாத ஒரு டம்ளர் மாவு உள்ளே போயிருக்கிறது. எப்படி? எங்கிருந்து?

தாங்கமுடியவில்லை. போன் செய்தேன்.

“அமலி, நீ நாலு டம்ளர்னு எழுதியிருக்க. ஆனா நீ போடுறது அஞ்சு.”

“யாரு சொன்னா? நாலுதான். இருவத்தாறு வருஷமா நாலு.”

“இல்ல, அஞ்சு. உனக்கு எண்ணத் தெரியல.”

“எனக்கா எண்ணத் தெரியாது? அந்த டம்ளர்ல நீங்களே அளந்து பாருங்க, தெரியும்” என்றாள். பிறகு குரல் மாறியது. “ஏங்க, அந்த டம்ளர் கெடச்சிட்டா? எங்க இருந்துச்சு?”

எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. எட்டாம் தேதி நடந்ததைச் சொன்னேன். வாளியையும் சொன்னேன். டெய்சி டீச்சரையும் சொல்லிவிட்டேன், சொல்ல ஆரம்பித்த பிறகு எதை நிறுத்துவது?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள். “ஒரு முழு நாளு தேடுனேன். மறுநாளும் தேடுனேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. ஸ்டூல நான் இழுக்கும்போதும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க.”

“ஆமா” என்றேன்.

“அது எங்கப்பா கடலக் கடையில அளந்த டம்ளர். மாப்பிள்ள முத்திர இன்ஸ்பெக்டர்னதும் பயந்துபோயி, கடையிலேருந்து எடுத்து என் கையில குடுத்தாரு. ஒங்களுக்குப் பயந்து இந்த வீட்டுக்கு வந்த டம்ளருங்க அது. கடைசில நீங்களே தூக்கிப் போட்டுட்டீங்க.”

வைத்துவிட்டாள்.

ஜனவரி 27

எடுக்கவில்லை.

ஜனவரி 28

காலையில் இரண்டு தடவை. மாலையில் ஒரு தடவை. விக்டோரியா எடுத்து, “அத்தான், கொஞ்ச நாள் விடுங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னாள்.

அவள் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வேன்? எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருவன் பேப்பர் மட்டும் படித்தால் இன்னொருத்திக்கு அது எத்தனை பேர் வீடு?

ஜனவரி 31

மாவு சலித்துப் பார்த்தேன். வெண்ணெய் வாங்கி வைத்தேன். முட்டை நூற்றிருபது. பெரியதும் சின்னதுமாக இருந்ததால் ஒவ்வொன்றாக எடைபோட்டு அடுக்கினேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பிப்ரவரி 2

முதல் கலவை ஆறி, இரண்டாவது ஓவனில் இருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அமலி. தூளியில் கை. கூட யாரும் இல்லை, நாகர்கோவில் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். பையை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

“ஒங்களுக்காக வரல. என் பேருல போற கேக்கு” என்று சொல்லிவிட்டு நேரே அடுக்களைக்குப் போனாள்.

ஆறிய கேக்கில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டு கிள்ளினாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். மேலதிகாரி தணிக்கைக்கு வந்தபோதுகூட இப்படி நின்றதில்லை.

“என் கேக்குதான்” என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஒரு நம்பர வச்சு நீங்க செஞ்சிட்டீங்க. அப்ப நான் இத்தன வருஷம் செஞ்சது ஒரு நம்பர்தானா?”

கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய காலண்டர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். “நம்பர் என்னுது இல்ல. இதுல இருந்துதான் எடுத்தேன். நாலு வருஷக் கோடு. ஒண்ணுகூடத் தப்பல. ஒம் மாதிரி ஒரு கைய நான் சர்வீஸ்ல பாத்ததில்ல அமலி” என்றேன். “ஆனா அந்த அஞ்சாவது டம்ளரு எனக்குப் புரியல.”

“அஞ்சாவதுன்னு ஒண்ணு கெடையாது” என்று எழுந்தாள். கோபத்தில் எழுந்ததுதான் நல்லதாகப் போயிற்று. “வைங்க சட்டிய. குடுங்க அந்தக் கப்ப.”

இடது கையில் கப்பைப் பிடித்தாள். சலித்த மாவை அள்ளாமல், கரண்டியால் தூவ என்னைச் சொன்னாள். விரலால் தலை தட்டிச் சட்டியில் கொட்டினாள்.

“லாபம்” என்றாள்.

அடுத்த கப். “ஒண்ணு.” அடுத்தது. “ரெண்டு.” “மூணு.” “நாலு.” கப்பைக் கவிழ்த்து வைத்து, “பாத்தீங்களா? நாலு” என்றாள்.

நான் சட்டியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

ஆயிரம் கடையில் கேட்டிருக்கிறேன். நெல் அளப்பவரும் கடலை அளப்பவரும் முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அந்த லாபம் ஒன்றின் இடத்தில் நிற்பது. இவள் லாபம் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

“லாபத்த விட்டுட்டியே அமலி.”

“லாபத்த யாராவது எண்ணுவாங்களா?” என்று திருப்பிக் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். “எங்கப்பா அப்படித்தான் அளப்பாரு. டம்ளர் நசுங்கிப் போச்சு, ஆளுகளுக்குக் கொறையக் கூடாதுன்னு மொத டம்ளர லாபம்னு சும்மா போட்டுருவாரு. பெறகுதான் ஒண்ணு.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நசுங்காத டம்ளர் 250 என்றால் நாலுக்கு ஒரு லிட்டர். அவர் கொடுத்தது ஐந்து 230, ஆயிரத்து நூற்றைம்பது மில்லி. ஒரு தடவையும் எவருக்கும் குறைந்திருக்காது. என் கையில் அகப்பட்டிருந்தால் முத்திரையில்லாத, நசுங்கிய அளவை என்று எழுதிக் கேஸ் போட்டிருப்பேன். எத்தனை கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டேன். அதற்கு என் படிவத்தில் இடமே இல்லை.

“ஒங்கப்பாவுக்கு நான் பயம் காட்டியிருக்கக் கூடாது” என்றேன். “ஒனக்கும் அந்த ரெண்டு நிமிஷத்துல குரல் குடுத்திருக்கணும்.”

“குடுத்திருக்கணும்” என்றாள். அதோடு ஓவன் மணி அடித்தது.

பிப்ரவரி 4

பத்துக் கலவையும் முடிந்தது. சலித்தது, நிறுத்தது, அடித்தது நான். ஓவன் பக்கம் நின்று ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்றது அவள். கடிகாரம் சொன்ன நேரத்தைவிட அவள் மூக்கு சொன்ன நேரம்தான் சரியாக இருந்தது. என்னோடு பேசியதெல்லாம் கேக் பேச்சு மட்டும்.

பிப்ரவரி 5

கல்யாணம். டெய்சி டீச்சர் மேடையிலிருந்தே அமலியைப் பார்த்துக் கையாட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மூன்றாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார். “கை ஒடிஞ்சும் எப்படிப் போட்டீங்க?” என்று யாரோ கேட்டதற்கு, அமலி என் பக்கம் தாடையைக் காட்டி, “அவுக மாவு நிறுத்தாவ” என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டுச் சான்றிதழிலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

பிப்ரவரி 7

பாத்திரக் கடைக்குப் போய் அலுமினிய டம்ளர் ஒன்று வாங்கி வந்தேன். 250 மில்லி. அவள் முன் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது இல்ல” என்று தள்ளி வைத்தாள். “அதுல இந்த எடத்துல கட்டவெரல் உக்காரும்.”

நான் பெட்டியைத் திறந்து என் சின்னச் சுத்தியலை எடுத்து வந்தேன். முத்திரை குத்தப் பிடித்த சுத்தியல். டம்ளரை மடியில் படுக்கவைத்து, “எந்த எடம்னு காட்டு” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இடது கட்டை விரலை டம்ளரின் பக்கத்தில் வைத்தாள். விரலை எடுக்கச் சொல்லி ஒரு அடி. தண்ணீர் ஊற்றி அளந்தேன், 246. இன்னொன்று, 241. “கொஞ்சம் கீழ” என்றாள். 237. “போதுமா?” “இன்னும் உள்ள போவும்.” முப்பத்தொரு வருஷம் அளவையைச் சரியென்று சொல்லக் குத்திய கையால் இன்று அளவையைக் கெடுத்தேன். ஏழாவது அடியில் தண்ணீர் 230ல் நின்றது.

அமலி டம்ளரை வாங்கிக் கட்டை விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். விரல் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு மாவு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

“நாளைக்கு ஆர்டர் இருக்கு. அளங்க” என்றாள்.

சலித்த மாவைத் தூவி, தலை தட்டி, சட்டியில் கொட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லாபம்” என்றேன். “ம்” என்றாள்.

அதன் பிறகு ஒன்றிலிருந்து எண்ணினேன்.